சீலையில் சிக்கிய வளையம்

மகன்,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. கனடாவிலிருந்து கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் எழுதுகிற ஆள் நான் என்று உனக்குத் தெரியும். இந்த முறை முடியவில்லை. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது என்று பொய் சொல்லலாம். பாதை அடிக்கடி பூட்டித்தான் கிடக்கிறது, நீயும் நம்பிவிடுவாய். உண்மை அதுவல்ல. நீ கேட்டது சின்னக் கேள்வி, அதற்கு என்னிடம் இருக்கிற பதில்தான் பெரிது.

உன்னோடு வேலை செய்கிற ஒருவர் தன் பழைய தூண்டில் கம்பைத் தந்திருக்கிறார், அதில் தூண்டில் நூல் ஓடுகிற வளையங்களைக் கழற்றிவிட்டுப் புதிய வளையங்கள் கட்டப் போகிறாய், கட்டுவதற்கு முன், கம்பில் படிகிற வளையத்தின் கால்களை அராவ என்ன சாமான் வாங்குவது என்று கேட்டிருந்தாய். கடையில் மின்சாரத்தில் சுழலும் சின்னச் சாணை இருக்கிறதாம், வைரப்பொடி ஒட்டிய அரம் இருக்கிறதாம், மெல்லிய பல் வைத்த அரம் இருக்கிறதாம், உரஞ்சுகிற கடதாசியில் மட்டும் பத்து வகை இருக்கிறதாம். கடைசி வரியில், "உலக்கைக் கையனுக்கு எது சரிவரும் அப்பா?" என்று எழுதியிருந்தாய். பகிடிக்குத்தான் எழுதினாய். உன் அம்மா சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இப்பவாவது அவனுக்குச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் எழுதுவன்" என்றாள்.

அதே உறைக்குள் மருமகள் அம்மாவுக்கு எழுதிய துண்டும் இருந்தது. ஆறு மாதமாம், சத்தி நின்றுவிட்டதாம், கருவாட்டுக்கு ஆசையாக இருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் தகப்பன் ஆகப் போகிறவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்து, ஆளுக்கொரு றப்பர் பொம்மையைக் கொடுத்துத் தூக்கப் பழக்கினார்களாம். எல்லாரும் வாங்கினார்களாம். நீ மட்டும் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றாயாம். "இந்தக் கம்பு உடையாமல் நிண்டா, பிள்ளையையும் பயமில்லாமல் தூக்கலாம் எண்டு சொல்லுறார் மாமி" என்று எழுதியிருந்தாள். அவளும் அதைப் பகிடியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மின்சாரச் சாணையை விட்டுவிடு. அது கெட்ட சாமான் அல்ல, அவசரக்காரன் கையில் அகப்பட்டால்தான் கெட்டது. நம் இரண்டு பேருக்கும் அவசரம் இரத்தத்தில் இருக்கிறது. சுழலுகிற கல் கண் மூடித் திறப்பதற்குள் காலில் பாதியைத் தின்றுவிடும். மிச்சத்தைச் சூடாக்கி இளக்கிவிடும். வைர அரம் நல்லதாக இருக்கலாம், நான் பிடித்துப் பார்க்காத சாமானுக்குச் சாட்சி சொல்லமாட்டேன். நீ வாங்க வேண்டியது ஒரு சாண் நீளத் தட்டை அரம் ஒன்று, ஆக மெல்லிய பல் வைத்தது. விரலால் தடவினால் பூனை நாக்கைப்போல் இருக்கவேண்டும், நாய்ப் பல்லைப்போல் அல்ல. அதோடு உரஞ்சுகிற கடதாசியில் ஆக மெல்லியது இரண்டு தாள். வேறொன்றும் வேண்டாம். கடைக்காரன் கெட்டிக்காரனாக இருந்தால் இன்னும் நாலு சாமான் காட்டுவான், நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வா.

வளையத்தைப் பிடித்துக்கொண்டு அராவாதே, வளையம் கோணிப்போகும். காலைப் பிடித்துக்கொண்டு அராவு. நான் மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காலைக் காட்டிக் கறுப்பாக்குவேன், நீ கறுத்தப் பேனையால் பூசினால் போதும். அராவ அராவக் கறுப்புப் போய் மினுக்கம் வரும். எங்கே கறுப்பு மிஞ்சுகிறதோ அங்கே அரம் படவில்லை என்று பொருள். அரத்தை ஒரே திசையில் தள்ளு, முன்னும் பின்னும் இழுக்க அது மரமறுக்கும் வாள் அல்ல. கால் நுனி சரிந்து சரிந்து மெலிய வேண்டும். கம்பில் சுற்றிக்கொண்டு வருகிற கட்டு நூல், நுனிக்கு வந்ததும் படி ஏறுவதுபோல் ஏறக்கூடாது, மணல் மேட்டில் ஏறுவதுபோல் தெரியாமல் ஏறவேண்டும். அதற்காகக் கத்திபோல் ஆக்கிவிடாதே, நூலை வெட்டிவிடும். ஒரு கடதாசித் தடிப்பு மிஞ்சட்டும்.

இதுவரை சொன்னது மேல்பக்கம். அது கண்ணுக்குத் தெரிகிற பக்கம், எவனும் ஒழுங்காகச் செய்வான். மேலே அராவும்போது ஓரத்தில் மயிரளவு பிசிர் எழும்பிக் கீழ்ப்பக்கமாக மடியும். கம்பின் தோலில் அழுந்தி இருக்கப் போவது அந்தக் கீழ்ப்பக்கம்தான். அதற்கு மேல் நூல் கட்டி வார்னிஷ் பூசிவிட்டால் பிறகு கடவுளுக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே திருப்பிப் பிடித்து, ஓரம் மழுங்கக் கடதாசியால் மெதுவாக உரஞ்சு. பிறகு துணியில் இழுத்துப் பார். நான் எந்தத் துணியில் இழுத்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அம்மாவின் பழைய நைலெக்ஸ் சீலை, கத்தரிப்பூ நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்டது. பிசிர் இருந்தால் அந்தச் சீலை ஒரு இழையையாவது பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். "உங்கட கம்பு சீலா மீனைப் பிடிக்க முதல் என்ர சீலையைப் பிடிக்குது" என்று அவள் ஏசுவாள். சீலை சிக்காமல் வழுக்கினால்தான் அந்த வளையம் கம்பில் ஏறும். அது என் பட்டறைச் சட்டம்.

அந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு முறைதான் மீறினேன்.

படகு இறக்கத் தடை வந்த வருடத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு மறுமொழி வருமா, பள்ளிக்கூடம் திறக்குமா என்று தெரியாமல் வீட்டில் இருந்தாய். மன்னார் ரவுணில் நான் வேலை செய்த பட்டறையும் மூடியாகிவிட்டது. கரையில் நின்று மீன் பிடிக்கலாம், முழங்கால் தண்ணிக்கு மேலே இறங்கக்கூடாது என்று கடற்படையின் கட்டளை. நம் தாழ்வுபாட்டுக் கடலில் கால் மைல் நடந்தாலும் இடுப்பு நனையாது. முழங்காலில் நின்று கையால் எறிகிற தூண்டில் கெளிறுக் குஞ்சுகளுக்குத்தான் போய்ச்சேரும். ஊரைவிட்டுப் போன ஒரு சேர்வேயர் விட்டுச் சென்ற தூண்டில் கம்பைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. வவுனியாப் பக்கத்திலிருந்து வருகிற மூங்கில், சைக்கிள் சில்லின் கம்பியை ஆணியில் சுற்றி வளைத்த வளையம், அதன் இரண்டு முனைகளையும் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிய கால்கள், நூல் சுற்றுகிற பழைய றீல் ஒன்று. அந்தக் கம்பால் எறிந்தால் தங்கூசி நூல் கட்டளை எட்டாத இடத்துக்குப் போய் விழும். இரண்டு மாதத்துக்குள் பாதி ஊர் என் கொட்டில் வாசலில் நின்றது.

நீ அப்போது என்னோடுதான் இருந்தாய். கைச்சாணையைச் சுற்றினாய், கம்பியைத் தட்டினாய், என்னைவிட நேராகவும் தட்டினாய். அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை. பிள்ளையைப் பாராட்டினால் தலையில் ஏறிவிடும் என்று நினைக்கிற ஆட்களில் நானும் ஒருவன். இப்போது சொல்கிறேன். உன் கை நல்ல கை. நீ தட்டிய காலில் மேடு பள்ளம் இருக்காது.

பதினொரு நாள் கரையையும் மூடிவிட்டு, நாளைக்குத் திறக்கிறது என்று கோயில் மணியடித்துச் சொன்னார்கள். அன்று பின்னேரத்துக்குள் எட்டுக் கம்பு முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எட்டையும் முடித்தேன். எட்டுக் கம்பின் வளையங்களையும் சீலையில் இழுத்துப் பார்த்தேன். ஒன்பதாவது உன்னுடையது. உனக்கென்று நீயே தெரிந்தெடுத்து வைத்திருந்த மூங்கில். பொழுது படப் போகிறது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. மெல்லிய அரத்தை எடுத்தால் நேரமாகும் என்று உன் வளையக் கால்களைச் சாணைக் கல்லிலேயே பிடித்தேன். சாணையைச் சுற்றியவனும் நீதான். "அப்பா, சீலையில இழுத்துப் பாக்கேல்லையோ?" என்று கேட்டாய்.

"எங்கட வீட்டுக் கம்புதானே. கட்டு நூலை எடு" என்றேன்.

ஊரான் கம்பு என்றால் பயந்தேன், நாளைக்கு அவன் வந்து கேட்பான். நீ என் பிள்ளை, நீ என்னைக் கேட்கமாட்டாய். வீட்டு ஆளுக்கு மிஞ்சியது போதும் என்று நினைக்கிற குணம் வேலை தெரிந்தவர்களுக்கெல்லாம் இருக்கிறது, எனக்குக் கூடுதலாக இருந்தது.

அடுத்த நாள் காலையை நீ மறந்திருக்கமாட்டாய். ஊர் முழுக்க முழங்கால் தண்ணியில் வரிசையாக நின்றது. பெரிய பாரை மீன் உன் தூண்டிலில்தான் கொழுவியது. கம்பு வில்லாக வளைந்தது. நீ ஒழுங்காகத்தான் பிடித்தாய், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மீன் இழுத்தபோது நூல் விட்டாய், களைத்தபோது சுற்றினாய். "விடாத மகன், விடாத" என்று கத்தினேன். மீனின் முதுகு வெள்ளையாகத் தெரிந்த நேரத்தில் கம்பு மூன்றாவது வளையத்தில் முறிந்தது. நீ பின்பக்கமாக விழுந்தாய். முறிந்த நுனி தங்கூசியோடு வழுக்கிக்கொண்டு போனது, நூல் அறுந்தது, மீனும் போய்விட்டது. பதினொரு நாளுக்குப் பிறகு எல்லாருடைய வாயும் ஊறிய மீன் அது.

நீ எழும்பி என்னைப் பார்த்தாய். முகத்தில் உப்புத் தண்ணி. அப்போது நான் சொன்னதை இங்கே எழுதியே ஆகவேண்டும். "கையாடா அது? உலக்கை!" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சம்மாட்டியார் தன் மூன்று படகும் கரையில் ஏறியதிலிருந்து பல்லைக் காட்டாத மனுஷன். அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதினொரு நாளில் ஊர் சிரித்த முதல் சிரிப்பு. அது என்னால் வந்தது என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது மகன். அதனால் இன்னொரு முறை சொன்னேன், கையைத் தூக்கி உலக்கை இடிப்பதுபோல் காட்டிக்கொண்டு சொன்னேன். முதல் முறை கோபத்தில் சொன்னது. அதை மன்னிக்கலாம். இரண்டாவது முறை சிரிப்புக்காகச் சொன்னது. அன்று பின்னேரமே நீ உலக்கைக் கையன் ஆகிவிட்டாய். பூசைக்குப் போனாலும் அந்தப் பெயர், கடைக்குப் போனாலும் அந்தப் பெயர். நீயும் சிரித்துக்கொண்டே "ஓம்" என்பாய்.

அன்று மத்தியானம் நீ படுத்திருந்தபோது முறிந்த கம்பில் மிஞ்சிய துண்டைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் மூன்றாவது வளையத்தின் நூற்கட்டை அவிழ்த்தேன். மூங்கிலின் பலம் முழுக்க அதன் தோலில் இருக்கிறது என்று உனக்குச் சொல்லித் தந்தவன் நானே. அந்தத் தோலில், வளையத்தின் கால் நுனி அழுந்திய இடத்தில், நகத்தால் கீறியதுபோல் நேரான வெட்டு. முறிவு அந்த வெட்டிலிருந்து தொடங்கியிருந்தது. வளையத்தைத் திருப்பி விரலால் தடவினேன், பிசிர் குத்தியது. உன் கையில் ஒரு பிழையும் இல்லை. சந்தேகத்துக்கும் இடமில்லை. தச்சனோ கொல்லனோ எவன் பார்த்தாலும் சொல்லிவிடுவான், இது கட்டினவனின் பிழை என்று.

பின்னால் உன் அம்மா நின்றாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு அரம்காரனோடு வாழ்கிறவள், அவளுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

"போய் அவனிட்டச் சொல்லுங்கோ" என்றாள்.

"நாளைக்குச் சொல்லுறன்" என்றேன்.

அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு சாணையைச் சுற்ற உன்னைக் கூப்பிட்டேன், அந்தச் சாக்கில் சொல்லிவிடலாம் என்று. "நான் தொட்டா உடைஞ்சு போகும் அப்பா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்தாய். சரி, படிக்கிறான், நல்லதுதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நீ படித்தாய், மாமா கொழும்புக்குக் கூட்டிப்போனார், பிறகு கனடா. உன்னைக் கனடா வரைக்கும் ஏற்றிவிட்டதற்கு எல்லாரும் உன் தகப்பனைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். பஸ் ஏறுகிற அன்று அம்மா உனக்குச் சுண்ணாம்பில் செய்த மாதா சுரூபம் ஒன்றைத் தந்தாள். நீ அதைக் கையில் வாங்கவில்லை. சேட்டில் சுற்றச் சொல்லி, "மாமா, நீங்கள் வச்சிருங்கோ, என்ர கையில உடைஞ்சிடும்" என்றாய். நான் பக்கத்தில் நின்றேன். பஸ் வெளிக்கிட இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. சொல்லியிருக்கலாம். பயணத்துக்கு இடியப்பம் கட்டியாயிற்றா என்று கேட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்டால் என்னிடம் நல்ல காரணம் ஒன்றும் இல்லை. சண்டைக் காலம், உயிரோடு இருப்பதே பெரிய விசயம், ஒரு தூண்டில் கம்பை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். செத்தவர்களுக்கு அழுகிற ஊரில் பகிடிப் பெயருக்கு யார் அழுவார்கள் என்று சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், என் வேலையில் பிழை என்று ஊர் சொல்லுவதைவிட, உன் கையில் பிழை என்று ஊர் சொல்லுவது எனக்குச் சுகமாக இருந்தது. இதை எழுதத்தான் ஒன்பது நாள் பிடித்தது. என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன். தகப்பன் பிள்ளையிடம் கேட்கலாமோ என்று தெரியாது, கேட்கிறேன்.

நீ இப்போது கட்டப் போகிற கம்பு நிற்கட்டும், உடையட்டும், அதைக்கொண்டு உன் கையைச் சோதிக்காதே. கம்பு உடைவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். கட்டும்போது பொறுமையாகக் கட்டு, கீழ்ப்பக்கத்தைப் பார், உன் பிள்ளைக்கென்று ஒரு சாமான் செய்தால் ஊரானுக்குச் செய்வதைவிட ஒரு முறை கூடுதலாகத் துணியில் இழுத்துப் பார். மருமகளோடு கோபம் வந்தால் முதல் முறை சொன்னதோடு நிறுத்து. பக்கத்தில் நாலு பேர் சிரித்தால் கட்டாயம் நிறுத்து. எனக்குத் தெரிந்த புத்திமதி இவ்வளவுதான்.

முன்வீட்டுப் பிள்ளை அடுத்த கிழமை கனடாவுக்குப் பயணம். அவளிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பொதியும் கொடுத்துவிடுகிறேன். கருவாடு மருமகளுக்கு. கடதாசியில் சுற்றிய சின்ன வளையம் உனக்கு. சோதனைச் சாவடியில் இது என்ன கம்பி என்று கேட்டால் வீட்டுச் சாமான் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன், அது பொய்யும் அல்ல. அந்த மூன்றாவது வளையம்தான். பிஸ்கற் தகரத்துக்குள் எண்ணெய் தடவி வைத்திருந்தேன், துருப் பிடிக்கவில்லை. அதோடு அந்தக் கத்தரிப்பூச் சீலையில் ஒரு முழமும் இருக்கிறது. வளையத்தின் காலைத் துணியில் ஒருமுறை இழுத்துப் பார். சிக்கும். சிக்கும்போது உனக்குத் தெரியவேண்டும், அது உன் கை அல்ல, என் கை. பிறகு நீ வாங்கிய மெல்லிய அரத்தால் அந்தப் பிசிரை எடு. நானே எடுத்து அனுப்பியிருப்பேன், உன் அம்மா விடவில்லை.

அந்தச் சீலை எப்படி உடுக்க உதவாமல் போய்ப் பட்டறைக்கு வந்தது என்று உனக்குத் தெரியாது. நீ பிறந்த அன்று நான் வேலையிலிருந்து நேரே மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அம்மா அந்தச் சீலையைப் போர்த்துக்கொண்டு, உன்னையும் அதன் தலைப்பிலேயே பொத்தி வைத்திருந்தாள். புதுச் சீலை. நான் கையை நீட்டினேன். அரம் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை, விரலெல்லாம் இரும்புத் தும்பு. தொட்டதும் சீலை சிக்கி இழை இழையாகக் கிளம்பியது. துணிக்கே இப்படி என்றால் இந்தப் பிஞ்சுத் தோல் என்ன ஆகும் என்று பயந்து கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டேன். ஓம் மகன், நீ அந்த வகுப்பில் நின்றதுபோலவேதான்.

உன் அம்மா அன்றைக்கு என்னிடம் சொன்னதை நான் இன்றைக்கு உனக்குச் சொல்கிறேன். "சிக்கினாச் சிக்கட்டும். பிள்ளையைத் தூக்குங்கோ."

அப்பா